கல் போன பிறகு உள்ளே இருக்கும் ஸ்டென்ட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி

பினாங்கில் பல வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். சிறுநீரகக் கல்லுக்கு லேசர் செய்துகொண்டு வீட்டுக்குக் கிளம்புகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றைச் சொல்லாமல் விட்டதில்லை: கல் போனாலும் ஸ்டென்ட் உள்ளேதான் இருக்கிறது. உடம்பில் கத்தி படவில்லை, தையல் இல்லை என்பதாலேயே பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை மேலே செலுத்திக் கல்லை உடைப்பார்கள். பிறகு அந்தப் பாதை வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாயை வைப்பார்கள். ஒரு முனை சிறுநீரகத்தில், மறுமுனை சிறுநீர்ப்பையில். அதுதான் ஸ்டென்ட்.

அது இருக்கும்வரை சிறுநீர் அவ்வப்போது சிவக்கும். மாடி ஏறினால் அதிகமாகும். தண்ணீர் குடித்து உட்கார்ந்தால் வெளுக்கும். ஒன்றுக்குப் போகும்போது விலாப்பக்கம் சுரீரென்று இழுக்கும். குழாய் வழியாகச் சிறுநீர் கொஞ்சம் மேலே ஏறுவதால் வருவது அது. முக்காதீர்கள், அடக்கவும் வேண்டாம். வலி தாங்கவில்லை என்றால் டாம்சுலோசின் என்ற மருந்து தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அது கேட்கும். ஆனால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பாலம் வழியாகப் பட்டர்வொர்த் போகிறவர்கள் காரில் ஏறுமுன் டாய்லெட் போய்வாருங்கள், ஜாமில் மாட்டினால் பெரும் அவஸ்தை.

நம் ஊர் வெயிலில் வியர்வையே நிறையப் போய்விடும். ஒரு நாளில் 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். தே தாரிக் என்ற பால் டீயால் அதை நிரப்பாதீர்கள். இதயக் கோளாறோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவோடு நிற்கட்டும்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், குளிர் நடுக்கம் வந்தால், ரத்தம் கட்டிகட்டியாகப் போனால், சிறுநீரே வராமல் நின்றால், பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போய், "உள்ளே ஸ்டென்ட் இருக்கு" என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஸ்டென்ட்டை எடுக்கும் தேதியை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்றும் கேட்டு, சமையலறைக் காலண்டரில் எழுதுங்கள். பெரும்பாலும் சில வாரத்தில் எடுத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படியும். அப்புறம் அதை எடுக்கவே இன்னொரு ஆபரேஷன். தீபாவளி, தைப்பூசம் குறுக்கே வந்தால் போன் செய்து தேதியை மாற்றுங்கள். அழைப்பு வரவில்லையா, நீங்களே கூப்பிடுங்கள்.

எடுப்பது பெரும்பாலும் மரத்துப்போகும் ஜெல் தடவிச் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஓரிரு நாள் எரிச்சலோ விலா வலியோ இருக்கலாம். காய்ச்சலுக்கு மேலே சொன்னதேதான்.