ல, ள, ழ குழப்பமா? சொல்லை வளைத்துப் பாருங்கள்

கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கிற பதாகைகளில் ஒரே வரியில் இரண்டு பிழைகள் அடிக்கடி வந்துவிடும்: ‘மனமக்களுக்கு மணமார்ந்த வாழ்த்துகள்’. இருக்க வேண்டியது ‘மணமக்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள்’. மணம் திருமணத்துக்கு, மனம் நெஞ்சுக்கு. கணினியின் பிழைதிருத்தி பல நேரம் இதைப் பிடிக்காது. மனம், மணம் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் அது கோடு போடாமல் கடந்து போய்விடும். ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒலி ஒன்றுபோலக் கேட்டு, எழுத்தும் பொருளும் வேறாக இருக்கும் இந்தச் சொற்களை மயங்கொலிச் சொற்கள் என்கிறோம். ல ள ழ, ர ற, ந ன ண என்ற எட்டு எழுத்துகளுக்குள்தான் மொத்தத் தொல்லையும். பள்ளியில் இதற்கு ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பட்டியல் ஒரு மாதத்தில் மறந்துபோகும். ஆனால் சரியான எழுத்து எது என்பதைத் தமிழே பல இடங்களில் காட்டிக்கொடுக்கிறது. சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு யோசிக்காமல், அதை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோங்கள், இன்னொரு சொல்லோடு சேருங்கள், வேற்றுமை உருபு ஒட்டுங்கள். ஒளிந்திருக்கும் எழுத்து வெளியே வந்துவிடும்.

படி 1: இரண்டு அணிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாயைத் திறந்து மெதுவாக ‘ல்’ என்று சொல்லுங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொடும். ‘ன்’, ‘ற்’ இரண்டும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவைதான். இப்போது ‘ள்’ சொல்லுங்கள். நாக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்துக்குப் போகும். ‘ண்’, ‘ட்’ சொல்லும்போதும் அங்கேதான் போகிறது.

ஆக, ல ன ற ஓர் அணி. ள ண ட இன்னோர் அணி. இவை பிறக்கும் இடத்தால் உறவு. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ட, ண இரண்டையும் ஒரு சோடியாகவும், ற, ன இரண்டையும் ஒரு சோடியாகவும் சேர்த்தே சொல்கிறது. ழ இந்த இரண்டு அணியிலும் சேராது. அது நாக்கு எதையும் அழுத்தித் தொடாமல் வருடிப் போகும் ஒலி. பெரும்பாலும் எதனோடு சேர்ந்தாலும் மாறாமல் நிற்கும்.

இதை மட்டும் மனதில் இருத்திக்கொண்டால் அடுத்த இரண்டு படிகளும் தானாக விளங்கும்.

படி 2: வினைச்சொல் என்றால் இறந்தகாலத்துக்குக் கொண்டுபோங்கள்

‘கொல்’லா, ‘கொள்’ளா என்று சந்தேகமா? உயிரை எடுத்தவன் கொன்றான். வாங்கிக்கொண்டவன் கொண்டான். ‘ன்ற’ வந்தால் மூலத்தில் இருப்பது ல். ‘ண்ட’ வந்தால் ள்.

செல் – சென்றான், வெல் – வென்றான், முயல் – முயன்றான், சுழல் – சுழன்றது. எல்லாம் ல். சில சொற்களில் ன்ற வராமல் ற்ற வரும்: கல் – கற்றான், வில் – விற்றான். அதுவும் அதே அணிதான்.

ஆள் – ஆண்டான், மீள் – மீண்டான், உருள் – உருண்டது, இருள் – இருண்டது, புரள் – புரண்டான். எல்லாம் ள். கேள் – கேட்டான் என்பதில் ட்ட வருகிறது, அதே அணி.

ழ் என்றால் எழுத்து அப்படியே நிற்கும், பின்னால் ந்த வரும்: வாழ் – வாழ்ந்தான், தாழ் – தாழ்ந்தது, சூழ் – சூழ்ந்தது, அவிழ் – அவிழ்ந்தது.

இதே சோதனையை ‘சி’ என்று முடியும் பெயர்களிலும் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முயல், பயில், சுழல் ஆகியவை முயற்சி, பயிற்சி, சுழற்சி ஆகின்றன. ஆள், மீள் ஆகியவை ஆட்சி, மீட்சி ஆகின்றன. மகிழ், நிகழ், வீழ் ஆகியவை மகிழ்ச்சி, நிகழ்ச்சி, வீழ்ச்சி ஆகின்றன. மூன்றாவது வகையில் மட்டும் ‘ச்’ கூடுதலாக வருவதைப் பாருங்கள். ற், ட் இரண்டும் வல்லின மெய்கள். அவற்றுக்குப் பின்னால் இன்னொரு மெய் ஒட்டி நிற்காது. ழ், ர் ஆகியவற்றின் பின்னால் நிற்கும் (வளர்ச்சி, உணர்ச்சி). ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’ என்று எழுதுகிறவர்கள் மகிழ்ச்சியையும் வளர்ச்சியையும் பார்த்துப் பழகிய கையோடு எழுதிவிடுகிறார்கள். ற்-க்குப் பின் ச் வராது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பிழை இனி வரவே வராது.

படி 3: பெயர்ச்சொல் என்றால் இன்னொரு சொல்லோடு சேருங்கள்

வால், வாள், வாழ் மூன்றையும் எடுத்துக்கொள்வோம். பார்லிக்குத் தமிழில் வாற்கோதுமை. கதிர் நுனியில் வால்போல நீண்டிருப்பதால் வால் + கோதுமை. ற் வந்துவிட்டது, ஆகவே ல். வாளெடுத்துச் செய்யும் போர் வாட்போர். ட் வந்துவிட்டது, ஆகவே ள். வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை, ஆகவே ழ்.

வீட்டில் தினமும் கையில் எடுக்கிற பொருள்களிலேயே இது இருக்கிறது. பல் தேய்ப்பது பற்பசை. சுவரில் மாட்டியிருப்பது நாட்காட்டி. கடலுக்குப் போனால் கடற்கரை, விடுமுறைக்குப் போனால் பொருட்காட்சி, மேடையில் கேட்டால் சொற்பொழிவு. யாழ்ப்பாணத்தில் யாழ் மாறாமல் இருக்கிறது.

ன, ண இரண்டுக்கும் இதே வழிதான். பொன் – பொற்கொல்லர், பின் – பிற்பகல், தன் – தற்காப்பு என்று ற் வந்தால் அது ன். மண் – மட்பாண்டம், காண் – காட்சி என்று ட் வந்தால் அது ண்.

‘நீர்’ சேரும் சொற்களில் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். தண் என்றால் குளிர்ச்சி, தண் + நீர் தண்ணீர். கண் + நீர் கண்ணீர். தெள் + நீர் தெண்ணீர். ள் தன் அணியில் இருக்கும் ண் ஆகிவிட்டது. சுடு தண்ணீரை எப்படி எழுதுவது? ‘வெண்ணீர்’ என்றும் ‘வென்னீர்’ என்றும் உணவகப் பலகைகளில் பார்க்கலாம். அது வெம்மை + நீர். வெம்மையில் ல-வும் இல்லை, ள-வும் இல்லை. ஆகவே நீரின் ந தன் இயல்பிலேயே இரட்டித்து வெந்நீர் ஆகிறது. செம்மை + நீர் செந்நீர் ஆவதும் அப்படித்தான்.

எண்களும் அதே கதை. மூன்று நூறு முந்நூறு, ஐந்து நூறு ஐந்நூறு. நான்கு நூறு மட்டும் ஏன் நானூறு? அங்கே நிற்பது ‘நால்’. நாலின் ல் தன் அணியின் ன் ஆகிவிட்டது.

படி 4: ர-வா, ற-வா?

இது கொஞ்சம் கடினம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் தனி ர, தனி ற இரண்டையும் பேச்சில் வேறுபடுத்துவதே இல்லை. ஆனால் ற இரட்டிக்கும், ர ஒருபோதும் இரட்டிக்காது. இதுதான் கைப்பிடி.

‘று’ என்று முடியும் பெயரோடு ‘இல்’ சேருங்கள்: ஆறு – ஆற்றில், சோறு – சோற்றில், கயிறு – கயிற்றில், வயிறு – வயிற்றில். ‘ரு’ என்றால் இரட்டிக்காது: தெரு – தெருவில், உரு – உருவில். பேச்சுத் தமிழும் உதவும். ஆத்துல, சோத்துல, வயித்துல, நேத்து, காத்து என்று ‘த்த’ வருகிற இடத்தில் எழுத்தில் பெரும்பாலும் ற்ற இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் காற்று, வெற்றி என்று சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். த்த-வும் இல்லாமல் ட்ட-வும் இல்லாமல் ற்ற தனியாக ஒலிக்கும்.

வினைகளில், தானாக நடப்பதைப் பிறர் செய்வதாக மாற்றிப் பாருங்கள். மாறு – மாற்று, ஏறு – ஏற்று, தேறு – தேற்று. ற்ற வந்துவிடும்.

சில இடங்களில் பேச்சு நம்மை ஏமாற்றும். ‘செவுத்துல’ என்று சொல்லிப் பழகியதால் ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று ஊர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். சொல் சுவர். ர் என்று முடிகிறது, இரட்டிக்க வழியில்லை. சுவரில், சுவருக்கு, சுவரை என்றுதான் வரும். ‘சுவறு’ என்றொரு சொல் இருக்கிறது, ஆனால் அதற்கு வற்றிப்போதல் என்று பொருள்.

படி 5: பக்கத்து எழுத்தைப் பாருங்கள்

மூன்று ந-க்களுக்கும் ஆசிரியர்கள் வைத்த பெயரிலேயே விடை இருக்கிறது: தந்நகரம், றன்னகரம், டண்ணகரம். த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று), ட-வுக்கு முன் ண் (வண்டு). தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வருவது ந மட்டுமே. ன, ண, ற, ள, ழ ஆகியவற்றில் எந்தச் சொல்லும் தொடங்காது. காரணம், மரணம், ஆபரணம், உதாரணம் என்று ர-வை அடுத்து ‘ணம்’ வரும் வடசொற்களில் ண-தான்.

படி 6: சோதனை வேலை செய்யாத சொற்கள்

ஒலி, ஒளி, ஒழி, பனி, பணி, அரை, அறை, பொரி, பொறி. இவற்றை வளைத்தாலும் எழுத்து அசையாது. இவற்றைத் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள். நன்றாகத் தெரிந்த ஒரு கூட்டுச்சொல்லோடு கட்டிப்போடுங்கள்.

வானொலியில் வருவது ஒலிபரப்பு, தொலைக்காட்சியில் வருவது ஒளிபரப்பு. காற்று வளி, அதனால்தான் சூறாவளி, வளிமண்டலம், உடம்பில் வருவது வலி, நடப்பது வழி. வகுப்பறையில் அறை, அரை மணி நேரத்தில் அரை. எண்ணெயில் வதக்கியது பொரியல், இயந்திரம் பொறி என்பதால் பொறியியல். இறந்தவருக்காக ஒட்டும் சுவரொட்டியில் ‘இறங்கல்’ என்று எழுதுவது மிகவும் வருத்தமான பிழை. அது இரக்கத்தின் உறவுச்சொல்: இரங்கல்.

படி 7: கைபேசியில் தட்டும்போது

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலும் சின்ன எல் ல, பெரிய எல் ள, இசட் ழ. அதேபோல் சின்ன ஆர் ர, பெரிய ஆர் ற. பெரிய எழுத்துக்கு மாற மறந்தால் ள எல்லாம் ல ஆகிவிடும். பரிந்துரையில் முதலில் வரும் சொல்லை அப்படியே தொடவும் கூடாது. நிறைய எழுதப் போகிறவர்களுக்கு நான் தமிழ்99 விசைப்பலகையைத்தான் சொல்வேன். 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது அது. எட்டு எழுத்துக்கும் தனித்தனி விசை இருப்பதால் ஒவ்வொரு முறையும் எது என்று நீங்களே முடிவு செய்தாக வேண்டும்.

பயிற்சி

கீழே உள்ள வரிகளைத் திருத்துங்கள். விடையைப் பார்க்கும் முன் சொல்லை வளைத்துப் பாருங்கள்.

அ) பள்ளிச் சுவற்றில் ஆனி அடிக்கக் கூடாது.
ஆ) முன்னூறு மாணவர்கள் நீச்சல் பயிற்ச்சி பெற்றனர்.
இ) மழையில்லாமல் நிலம் வரண்டு கிடக்கிறது.
ஈ) குளிக்க வென்னீர் போட்டு வை.
உ) கோவில் விழாவைத் தொலைக்காட்சி நேரலையில் ஒலிபரப்பினார்கள்.

விடைகள்: அ) சுவரில், ஆணி. சுவர் இரட்டிக்காது, ஆனி தமிழ் மாதம், அடிப்பது ஆணி. ஆ) முந்நூறு, பயிற்சி. இ) வறண்டு. சொல் வறள், ‘வறட்சி’ என்று செய்தித்தாளில் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள், அதில் ற-வும் ட்-ம் சேர்ந்தே இருக்கின்றன. ஈ) வெந்நீர். உ) ஒளிபரப்பினார்கள்.