முனைவர் பட்ட ஆய்வில் சேருமுன் போட வேண்டிய கணக்கு

முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் 3 முதல் 6 ஆண்டுகள் வரை நீளும் என்பதால், உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, அது நின்றபின்னும் ஆய்வேடு முடியாதிருந்தால் செலவுக்கு என்ன வழி என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதே ஆண்டுகளில் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஊதியத்தையும் அனுபவத்தையும் அதன் கீழே குறியுங்கள். பலர் இந்த இரண்டாவது வரியை எழுதுவதே இல்லை.

ஆய்வுத் தலைப்பைவிட, ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்பது என் கருத்து. அவரிடம் ஆய்வை முடித்தவர்களையும், முடிந்தால் இடையில் விலகியவர்களையும் தனியே சந்தித்து, எழுதிக் கொடுத்த ஆய்வேட்டு இயலைத் திருத்தித் தர அவர் எத்தனை வாரம் எடுத்துக்கொள்வார், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், பட்டம் பெற்றவர்கள் இப்போது என்ன பணியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கு இப்பட்டம் பெரும்பாலும் தேவைப்படும். பிற துறைகளில் அது ஊதியத்தை உயர்த்தும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் இருக்கும் சுதந்திரம் உங்களுக்கு உவப்பானதா என்றறிய, சில மாதங்கள் ஆய்வு உதவியாளராக இருந்து, பிசகிய சோதனையை மூன்றாம் முறை செய்து பாருங்கள். இடையில் விலகினால் முதுநிலைப் பட்டமாவது கிடைக்குமா என்பதையும் சேர்க்கை விதிகளில் பார்த்துவிடுங்கள்.