பாலைவன நடுப்பகலில் முகப்படம் எடுக்க

பாலைவனத்தில் உச்சி வெயில் நேரத்தில் ஒருவரை முகப்படம் எடுக்க வேண்டுமா? அவரை வெட்டவெளியில் நிறுத்தாதீர்கள். வீட்டு வாசலுக்கு ஓரடி உள்ளே, நிழலில், வெளியே பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள்.

வாசலுக்கு முன்னால் வெயிலில் காயும் மணல், ஒளியைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்பும்; ரிஃப்ளெக்டர் செலவு மிச்சம். வெளியில் நின்றால் தலைப்பாகையின் நிழலில் இருண்டுபோகும் கண்கள் இங்கே தெளிவாகத் தெரியும், கண்ணோரச் சுருக்கங்களும் மீசையில் படிந்த புழுதியும்கூட. கண்ணை இடுக்க வேண்டியதில்லை என்பதால் முகம் இறுகாது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய லாபம்.

பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா முகத்தை வெளிற வைக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் ஒளியின் அளவை, சற்றுக் குறையுங்கள். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போன்ற மஞ்சள் மணற்கல் ஊர்களில் தோலிலும் மஞ்சள் ஏறும். கேமரா பதிவுசெய்த தரவைச் சுருக்காமல் வைத்திருக்கும் ‘ரா’ (RAW) கோப்பாக எடுத்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

புழுதி வெயிலை மறைக்கும் நாளிலும், கரும்பாறைத் தரையிலும் இது பலிக்காது. வாசலில் நீண்ட தாழ்வாரம் இருந்தால் மணலின் ஒளி உள்ளே எட்டாது. அவரைத் தாழ்வாரத்தின் விளிம்புக்கே வரச் சொல்லுங்கள்.