வாசிகசாலைச் சுவரில் ஆக்னெஸ் ஸ்மெட்லி: ஒரு வாழ்க்கையை எட்டு மட்டைகளில் வைப்பது எப்படி

சீனப் புரட்சியை அருகிருந்து எழுதிய அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆக்னெஸ் ஸ்மெட்லியைப் பற்றி ஊர் வாசிகசாலையில் ஒரு காட்சியும் வாசிப்பும் வைக்க எட்டு பிரிஸ்டல் மட்டை, ஒரு வரைபடம், 40 நிமிட வாசிப்பு, கேள்விகளுக்கு அரை மணித்தியாலம் வேண்டும். மூன்று பேர் சேர்ந்தால் ஆறு வாரத்தில் முடியும். செலவு பெரிதல்ல. பெயர்களைச் சரிபார்ப்பதிலும், அவர் எழுதிய நாவலை அவருடைய வாழ்க்கையிலிருந்து பிரித்தெடுப்பதிலும்தான் நேரம் போகும். பிழைகளும் அந்த இரண்டு இடத்திலேதான் நுழைகின்றன.

பெயர்களில் தொடங்குங்கள். சீனப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் முறை இடையில் மாறிவிட்டது. ஸ்மெட்லியின் நூல்களெல்லாம் பழைய முறையில் இருப்பவை. தமிழில் அது இன்னும் சிதறியிருக்கிறது: சூ தே, சூ டே, ஜூ டே மூன்றும் ஒரே ஆள், சீனக் கம்யூனிஸ்டுகளின் படையான செஞ்சேனையின் தளபதி. யெனான், யானான் ஒரே ஊர், அன்று அந்தக் கம்யூனிஸ்டுகளின் தலைமையிடம். பீக்கிங்தான் பெய்ஜிங். ஹாங்கோவ் இன்று வூஹான் நகரத்தின் ஒரு பகுதி. ஒரு அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கி, நீங்கள் பயன்படுத்தப்போகும் வடிவத்தை முதலிலும் மற்றவற்றைப் பக்கத்திலும் எழுதுங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் பழைய இதழ்களைத் தேடும்போது ஸ்மெட்லி, ஸ்மெட்லே, சிமெட்லி என்று தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும்; ஒரு வடிவத்தோடு நிறுத்தினால் ‘ஒன்றுமில்லை’ என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இவர் பெயரோடு நில்லாமல் சீன வரலாறு, பெண்கள் வரலாறு, இந்திய விடுதலைப் போராட்டம் என்ற மூன்று அடுக்குகளையும் பாருங்கள்.

இனிக் குறிப்பு அட்டைகள். உள்ளங்கை அளவில் வெட்டிய 60 அட்டை போதும். ஒரு அட்டையில் ஒரு செய்தி மட்டும்: ஆண்டு, இடம், நடந்தது, எடுத்த நூலும் பக்கமும். மூலையில் ஒரு நிறம். அவர் நேரில் கண்டு எழுதியதற்குப் பச்சை, பிறர் சொல்லக் கேட்டு எழுதியதற்கு மஞ்சள், அவரைப் பற்றிப் பின்னால் மற்றவர்கள் எழுதியதற்குச் சிவப்பு. இந்த நிறப் பிரிப்பை விட்டுவிடாதீர்கள். உதாரணத்துக்கு, செஞ்சேனையின் ஆரம்பகாலப் போர்களை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். 1934-ல் வெளிவந்த அந்த நூலில் உள்ள போர்க்களங்களில் அவர் நிற்கவில்லை; ஷங்ஹாயில் தம்மைச் சந்தித்தவர்கள் சொன்னதைக் கொண்டு எழுதினார். 1937-க்குப் பிறகு எழுதியவையோ படைகளோடு நடந்து எழுதியவை. இரண்டையும் ஒரே குரலில் வாசித்தால் கேட்பவர்கள் ஏமாறுவார்கள்.

முதல் மட்டையில் பிறப்பு: 1892 பெப்ரவரி 23, மிசூரி மாநிலத்தின் ஒஸ்குட். ஏழைக் குடும்பம் பிழைப்புத் தேடி கொலராடோவின் நிலக்கரிச் சுரங்கப் பக்கம் போனது. அங்குள்ள ஊரின் பெயர் டிரினிடாட். மட்டையில் அதை மட்டும் எழுதினால் பார்ப்பவர்களில் பாதிப்பேர் கிரிக்கெட் நினைவில் மேற்கிந்தியத் தீவுக்குப் போய்விடுவார்கள். ‘கொலராடோ மாநிலத்து டிரினிடாட்’ என்று முழுதாக எழுதுங்கள். பதின்ம வயதிலேயே நியூ மெக்சிக்கோவின் கிராமப் பள்ளிகளில் படிப்பித்தார். தாய் 1910-ல் இறந்தார். இதற்கு மேல் இந்த மட்டையில் வேண்டாம்.

இரண்டாவதும் மூன்றாவதும் நம்மவர்களை நெருங்கி வரவைக்கும் மட்டைகள். நியூயோர்க்கில் லாலா லஜபதி ராயையும் பிற இந்திய விடுதலைப் போராளிகளையும் அறிந்து அவர்களோடு வேலை செய்தார். 1918 மார்ச்சில் உளவுச் சட்டத்தின் கீழ் கைதாகிச் சிறையிருந்தார். மார்கரெட் சாங்கரின் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்திலும் உழைத்தார். 1920 கடைசியில் கப்பலேறி பேர்லின் போய், வீரேந்திரநாத் சட்டோபாத்யாயவோடு வாழ்ந்தார். இந்த ‘சட்டோ’ சரோஜினி நாயுடுவின் சகோதரர். 1931-ல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்த கமலாதேவி சட்டோபாத்யாய, சட்டோவின் தம்பி ஹரீந்திரநாத்தின் மனைவி. இந்த உறவைச் சிறு கிளைப்படமாக மூன்றாம் மட்டையின் அடியில் வரையுங்கள். எங்கோ நடந்த கதை நம் ஊர் வரலாற்றைத் தொடுவதைப் பார்ப்பவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். ஆனால் ஸ்மெட்லிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தொடர்பு இருந்ததாக எழுதிவிடாதீர்கள். அப்படி ஒன்று இல்லை.

1929-ல் வெளிவந்த ‘பூமியின் மகள்’ நாவலையும் இங்கேதான் எதிர்கொள்ள வேண்டும். கதாநாயகி மேரி ரொஜர்ஸின் வாழ்க்கை ஸ்மெட்லியின் வாழ்க்கையை அவ்வளவு ஒத்திருப்பதால், நாவலின் சம்பவங்களை அப்படியே வாழ்க்கைக் குறிப்பாக எடுத்துவிடுவது நடக்கிறது. அது நாவல். பெயர், காலம், நிகழ்வு எல்லாவற்றையும் மாற்றும் உரிமையை எடுத்துக்கொண்டுதான் எழுதினார். நாவலிலிருந்து எடுக்கும் எந்த வரிக்கும் முன்னால் ‘மேரி சொல்கிறாள்’ என்று சேர்த்தே எழுதுங்கள். இன்னொன்று: நாவல் சீனாவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. சீன அனுபவத்தை எதிர்பார்த்து அதை இரவல் வாங்கினால் ஏமாற்றந்தான் மிஞ்சும்.

நாலாம் மட்டை ஷங்ஹாய். 1928 டிசம்பர் கடைசியில் சோவியத் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி, ஜெர்மனியின் ‘பிராங்க்பூர்ட்டர் சைட்டுங்’ பத்திரிகைக்கு எழுதுபவராக வந்து, 1929 மே மாதம் ஷங்ஹாய் சேர்ந்தார். எழுத்தாளர் லூ சுன் அவருக்கு நெருங்கிய நண்பரானார். 1930 செப்டெம்பர் 17-ல் லூ சுன்னின் 50-வது பிறந்தநாள் கூட்டத்துக்கு இடம் ஒழுங்குசெய்தவர்களில் ஸ்மெட்லி ஒருவர். அன்று அவரைப் படமெடுத்ததும் இவரே. லூ சுன் பிறந்தது 1881. கூட்டத்தில் யாராவது ஒரு கணித ஆசிரியர் கழித்துப் பார்த்து ‘49 அல்லவா?’ என்று கேட்பார். பிறக்கும்போதே ஒரு வயது என்பது சீனக் கணக்கு. அதை மட்டையிலேயே ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

ஐந்தாவதுக்கு மற்றவற்றைவிட இடம் கூட வேண்டும். 1936 டிசம்பர் 12-ல் சியான் நகரில் அன்றைய சீன அரசின் தலைவர் சியாங் கைஷேக் அவருடைய சொந்தத் தளபதிகளாலேயே தடுத்துவைக்கப்பட்டார். அந்த நேரம் அங்கிருந்த ஸ்மெட்லி வானொலியில் ஆங்கிலத்தில் செய்தி சொன்னார். 1937 தொடக்கத்தில் யெனான் போய், சூ தேயின் வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுந்த நூல் அவர் இறந்த பிறகு 1956-ல்தான் ஆங்கிலத்தில் அச்சானது. யெனானில் நடனம் பழக்கியதும், மாஓவின் அன்றைய மனைவி ஹே சிசென்னுக்கும் ஸ்மெட்லியின் மொழிபெயர்ப்பாளருக்கும் இடையில் வந்த பிணக்கும் கேள்வி நேரத்தில் நிச்சயம் வரும். அதற்கு இரண்டு வாக்கியப் பதில் போதும். மட்டையில் போட்டால் எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள், சூ தேயோடு நடந்த மாதக்கணக்கான உரையாடல் மறைந்துபோகும்.

ஆறாவது, காயம்பட்ட வீரர்கள். எங்கள் கணிப்பில் அவருடைய வாழ்வின் உச்சம் இதுதான். 1938-ல் ஹாங்கோவிலும் பிறகு கம்யூனிஸ்டுகளின் புதிய நான்காம் படையோடும் இருந்த காலத்தில், மருந்தும் வாகனமும் இல்லாமல் தெருவோரத்தில் கிடந்தவர்களைப் பற்றி ‘மான்செஸ்டர் கார்டியன்’ பத்திரிகைக்கு எழுதினார். சிங்கப்பூரில் பிறந்த வைத்தியர் ரொபர்ட் லிம் நடத்திய செஞ்சிலுவை மருத்துவப் பிரிவுக்கு உதவி திரட்டினார். இந்தியாவிலிருந்து வைத்தியர்களை அனுப்பும்படி நேருவுக்கு 1937-ல் சூ தே கடிதம் எழுதியதன் பின்னால் ஸ்மெட்லியின் தூண்டுதல் இருந்தது. 1938-ல் ஐந்து வைத்தியர்கள் போனார்கள். அவர்களில் ஒருவரான துவாரகநாத் கோட்னிஸ் 1942 டிசம்பர் 9-ல் சீனாவிலேயே இறந்தார்.

ஏழாம் மட்டைக்கு நிதானம் வேண்டும். 1949 பெப்ரவரி 10-ல் அமெரிக்க இராணுவம் வெளியிட்ட அறிக்கை ஒன்று அவரைச் சோவியத் உளவாளி என்றது. அவர் வழக்குப் போடுவேன் என்றார். சில நாட்களிலேயே இராணுவம் அதை மீட்டுக்கொண்டது. இத்தோடு மட்டையை முடித்தால் அது பாதி உண்மை. ஷங்ஹாயில் சோவியத் உளவாளி ரிச்சர்ட் சோர்கேயை அவர் அறிந்திருந்தார். ஜப்பானியப் பத்திரிகையாளர் ஒசாக்கி ஹொட்சுமியைச் சோர்கேக்கு அறிமுகப்படுத்தியவர் ஸ்மெட்லிதான் என்று சொல்லப்படுகிறது. அந்த இருவரையும் 1944 நவம்பர் 7-ல் டோக்கியோவில் தூக்கிலிட்டார்கள். 1988-ல் வந்த வாழ்க்கை வரலாறு ஸ்மெட்லியைத் தன்போக்கில் நின்ற தீவிர இடதுசாரியாகக் காட்டுகிறது; 2005-ல் வந்த மற்றொன்று அவர் சோவியத் உளவு வேலையில் உண்மையாகவே ஈடுபட்டார் என்று வாதிடுகிறது. இரண்டையும் சம அளவு எழுத்தில் பக்கம்பக்கமாக வையுங்கள். அவரை நேசிக்கிறோம் என்பதற்காக ஒன்றை மறைப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

எட்டாவது சுருக்கமானது. சீனா திரும்பும் எண்ணத்தோடு இங்கிலாந்து போனவர், 1950 மே 6-ல் ஒக்ஸ்போர்டில் வயிற்றுப் புண் சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்தார். மக்கள் சீனத்தை அவர் கண்ணால் காணவில்லை. சாம்பல் பெய்ஜிங்கின் பாபாவோஷான் மயானத்தில் இருக்கிறது. கல்லில் உள்ள எழுத்து சூ தேயின் கையெழுத்து.

வரைபடத்தை மட்டையின் நீளவாக்கில், ஒரு சென்டிமீற்றருக்கு 25 கிலோமீற்றர் அளவில் வரையுங்கள். ஷங்ஹாயிலிருந்து சியான் ஏறக்குறைய 49 சென்டிமீற்றர் வரும், சியானிலிருந்து யெனான் பத்துக்குச் சற்று மேல். மூலையில் அதே அளவில் இலங்கையை வரைந்தால் 17 சென்டிமீற்றர் உயரம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உள்ள தூரத்தை எல்லாரும் பஸ்ஸில் அறிந்தவர்கள். அவர் நோயோடும் போரோடும் கடந்த தூரம் அப்போதுதான் உடம்பில் உறைக்கும்.

மட்டை ஒன்றுக்கு 80 சொல்லுக்கு மேல் வேண்டாம். எழுத்து 28 புள்ளிக்குக் குறைந்தால் வாங்கில் இருக்கும் முதியவர்களுக்குத் தெரியாது. அச்சகத்தில் பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால் ஸ், ஷ, ஹ வரும் இடங்கள் குலைந்துபோக வாய்ப்புண்டு. ஸ்மெட்லி, ஷங்ஹாய், ஹாங்கோவ் மூன்றுமே அந்த எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. பி.டி.எப். ஆக்கிக் கொடுங்கள், ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் படித்த பிறகே மீதியை அச்சிடச் சொல்லுங்கள். படங்களுக்கு, அவருடைய தாள்கள் இருக்கும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முதல் வாரத்திலேயே எழுதி அனுமதி கேளுங்கள். கார்த்திகை மழைக்குள் வைத்தால் மட்டை ஈரம் இழுத்துச் சுருளும். மாசி, பங்குனி நல்லது.

வாசிப்புக்கு நிதானமாக நிமிடத்துக்கு 90 சொல் என்று கணக்கிடுங்கள். 40 நிமிடத்துக்கு 3,600 சொல். ‘சீனாவின் போர்ப்பாடல்’ என்ற அவருடைய 1943 நூலில், கெரில்லாப் படையில் தமக்கு உதவியாளனாக இருந்த சிறுவனை அவர் மகனாக ஏற்க விரும்பிய பகுதியைத் தெரிவுசெய்யுங்கள். பையன் படையோடு இருக்கவே விரும்பினான். இதை உயர்தர மாணவி ஒருவர் வாசிப்பது நல்லது. நடிக்க வேண்டாம், நேராக வாசித்தால் போதும். மின்சாரம் போனால் வாசிப்பு நிற்காதபடி ஒரு சார்ஜ் விளக்கை மேசையில் வையுங்கள்.

கேள்வி நேரத்துக்கு இன்னும் இரண்டு பெண்களைப் படித்து வைத்திருங்கள், ஏனென்றால் மூவரையும் குழப்புவார்கள். வடக்கில் 1960-களின் சீனச் சார்பு இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்த முதியவர்கள், ‘காகிதப் புலி’ என்ற சொல்லை மாஓவிடம் கேட்டு எழுதியவர் ஸ்மெட்லி என்று சொல்லக்கூடும். அது 1946-ல் அன்னா லூயிஸ் ஸ்ட்ரோங் எடுத்த பேட்டி. ஸ்மெட்லியை அமெரிக்கர் சோவியத் உளவாளி என்ற அதே 1949 பெப்ரவரியில், ஸ்ட்ரோங்கை மொஸ்கோவில் அமெரிக்க உளவாளி என்று கைதுசெய்தார்கள். ஸ்ட்ரோங்கும் பாபாவோஷானிலேயே அடக்கமானார். மூன்றாமவர் ஹெலன் பொஸ்டர் ஸ்னோ. நிம் வேல்ஸ் என்ற பெயரில் எழுதியவர், 1937-ல் யெனான் போனவர். பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோவின் மனைவி என்று மட்டும் சொல்லி அவரைக் கடந்துபோகாதீர்கள். சீனக் கூட்டுறவுத் தொழில் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

முடிந்ததும் மட்டைகளைச் சுருட்டாமல், இடையிடையே பழைய பத்திரிகைத் தாள் வைத்து, அலுமாரிக்கு மேலே தட்டையாக அடுக்குங்கள். வரைபடத்தை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அடுத்த வாசிகசாலைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.