பல்லவியை வைத்து ஸ்கேல் பிடிக்காதீர்கள்: பல வருடம் கழித்துத் திரும்பும் பாடகரோடு ஆல்பம் செய்பவர்களுக்கு

போன மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு தம்பியின் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். ஸ்டுடியோ என்றால் மொட்டை மாடியில் ஒற்றை அறை, சுவரெல்லாம் ஃபோம். உள்ளே ஓர் அண்ணன் பாடிக்கொண்டிருந்தார். கேசட் காலத்தில் எங்கள் பக்கத்துக் கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. சொந்தமாக இரண்டு பாப் கேசட்டும் போட்டவர். இருபது வருடத்துக்கு மேல் வேறு வேலை பார்த்துவிட்டு இப்போது மறுபடி பாட வந்திருக்கிறார்.

பல்லவி அருமையாகப் போனது. சரணத்தின் இரண்டாவது வரியில் குரல் பிசிறியது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே இடம். அண்ணன் இருமிவிட்டு, "தொண்டை கட்டியிருக்குது" என்றார். தம்பி என் பக்கம் திரும்பி, "பழைய கேசட்ல இருக்கிற அதே ஸ்கேல்தான்ணா வச்சிருக்கேன்" என்றான். ஸ்கேல் என்றால் பாட்டை எந்தச் சுருதி உயரத்தில் வைத்துப் பாடுகிறோம் என்பது.

எனக்குப் பகீர் என்றது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பேச்சு, வார்த்தை மாறாமல்.

கீபோர்டு வாசிப்பு, புரோகிராமிங், ரெக்கார்டிங் என்று பிழைப்பவன் நான். இப்படித் திரும்பி வந்தவர்களோடு இதுவரை நாலு ஆல்பம் செய்திருக்கிறேன். மைக்குக்கு முன்னால் பாப் ஃபில்டர் வையுங்கள், ஹார்டு டிஸ்கில் இரண்டு பிரதி எடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் கடை திறப்பதில்லை.

பழைய கேசட்டிலிருந்து ஸ்கேல் எடுப்பது

ராயபுரத்தில் ஓர் அக்கா. மெல்லிசைக் குழுவில் பாடியவர். தொண்ணூறுகளில் ஒரு பாப் கேசட் போட்டு, கொஞ்சம் பேர் வாங்கி, கல்யாணத்துக்குப் பிறகு மேடையே ஏறாதவர். ஐம்பத்திரண்டு வயதில் என்னிடம் வந்தார். பழைய பாட்டு ஒன்று, புதுசு நாலு என்று பேசிக்கொண்டோம்.

அவர் வீட்டு பீரோவிலிருந்து எடுத்து வந்த கேசட்டை டெக்கில் போட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். கீபோர்டில் ஸ்கேல் தேடினால் ஒட்டவில்லை. சுருதியின் உயரத்தை நாங்கள் கட்டை என்று எண்ணுவோம். இரண்டு கட்டையும் இல்லை, இரண்டரையும் இல்லை, கீயே இல்லாத நடு இடத்தில் எங்கோ தொங்கியது. அப்போதே விழித்திருக்க வேண்டும். நான் மேலே தள்ளி, இரண்டரைக் கட்டை என்று முடிவு கட்டிவிட்டேன். அக்காவின் உச்சி இதுதான் என்று நினைத்துப் புதுப் பாட்டு நாலுக்கும் அந்த உயரத்தை வைத்தே மெட்டுப் போட்டேன்.

கேசட் ஓட வேண்டிய வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அது கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடினால் சுருதி ஒரு செமிடோன் ஏறிவிடும், அதாவது கீபோர்டில் அடுத்த கீக்குப் போய்விடும், இரண்டு கட்டை இரண்டரை ஆகிற மாதிரி. டெக்கின் பெல்ட் தொய்ந்திருந்தால் இறங்கும். மோட்டாரை யாராவது திருகி வைத்திருந்தால் எந்தப் பக்கமும் போகும். கேசட்டைப் பிரதி எடுத்த இடத்திலேயே வேகம் மாறியிருக்கலாம். கீபோர்டு வைத்து ரெக்கார்டிங் செய்த பாட்டு அடுத்தடுத்த இரண்டு கீக்கு நடுவில் நின்றால் முதலில் டேப்பைச் சந்தேகப்படுங்கள். பாட்டு தொடங்கும் முன் ஹம் கேட்டால் அதையும் அளந்து பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹம் அதற்கு நன்றாக மேலே இருந்தால் டேப் வேகமாக ஓடுகிறது. அந்தக் காலத்தில் கரண்டே ஏறி இறங்கும், அதனால் இதைத் தராசு போல நம்ப வேண்டாம். ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குச் செய்தது வேறு. வேறொரு பெரிய ஸ்டுடியோவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, புல்லாங்குழல், டோலக், இரண்டு வயலின் எல்லாம் வாசித்து முடித்தாகிவிட்டது. அக்கா இன்னும் ஒரு வரி பாடவில்லை.

நாலு நாள் கழித்துப் பாட வந்தார். பல்லவியில் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டோம், அதே குரல் என்று. சரணம் வந்தது. மிளகு போட்டுப் பால் வந்தது. பனங்கற்கண்டு வந்தது. மூன்று நாள் இதே கதை. ஸ்கேலை இறக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். "இறக்கினா, 'வயசாயிடுச்சு, கீழ பாடுது'ன்னு சொல்வாங்கடா. வேணாம்" என்றார். நானும் தலையாட்டினேன். அவரை மேடையில் அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன், எப்படி மறுப்பேன்?

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் பேச்சுவாக்கில் சொன்னார். "அந்தப் பாட்ட நான் ரெண்டு கட்டைலதான பாடினேன். கேசட் போட்டவருதான், கொஞ்சம் ஸ்பீடு ஏத்து, கொரல் சின்னப் பொண்ணு மாதிரி வரும்னாரு." டீ எனக்கு உள்ளே இறங்கவில்லை. நான் துரத்திக்கொண்டிருந்த அந்த ஸ்கேலில் அக்கா அந்த வயதிலேயே பாடியதில்லை!

சரி, கம்ப்யூட்டரில் இறக்கிவிடலாம் என்று பார்த்தோம். அவருக்கு நிம்மதியாக வந்த இடம் ஒரு கட்டை. இரண்டரையிலிருந்து மூன்று செமிடோன் கீழே. வாசித்து வைத்திருந்ததை அப்படியே இழுத்து இறக்கினால் புல்லாங்குழலுக்கு ஜலதோஷம் பிடித்தது, டோலக் ஈரச் சாக்கில் அடித்த மாதிரி ஆனது. எல்லோரையும் மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வாடகை, மறுபடி சம்பளம். அந்த வருடம் மைக் ஒலியைப் பெருக்க நல்லதாக ஒரு பிரீஆம்ப் வாங்க எடுத்து வைத்திருந்த பணம் முழுக்க அதில் போனது. குழல் வாசிப்பவர் பையைத் திறந்தபோது பார்த்தேன், கட்டைக்கு ஒன்றாகக் குழல்கள் அடுக்கியிருந்தன. ஒரு கட்டைக் குழலும் அதில் இருந்தது. முதல் தடவையே கேட்டிருந்தால் எடுத்து ஊதியிருப்பார்.

எங்கள் பக்கத்து கானாவில் இந்தச் சிக்கலே கிடையாது. பாடுபவர் எடுக்கும் சுருதிதான் சுருதி. சட்டியோ டோலக்கோ அவர் பின்னால் வரும். கம்ப்யூட்டர் வந்ததும் முதலில் டிராக், அப்புறம் குரல் என்று ஆக்கிக்கொண்டவர்கள் நாம்தான்.

வயது ஏறும்போது பாடும் குரலில் முதலில் போவது மேல் பகுதி. பயிற்சி விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் போகும், மூச்சும் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு குரல் கொஞ்சம் கீழே இறங்குவது சாதாரணம். ஆனால் கீழே புதிதாக ஒரு கனம் வந்து உட்காரும். அக்காவின் ஒரு கட்டைப் பாட்டில் மந்திர ஸ்தாயியில் ஒரு 'ம்' இருக்கிறது. பழைய கேசட்டில் அப்படி ஒரு ஓசையே இல்லை. கனடாக்காரர் ஜோனி மிட்சல் 1969-ல் பாடிய தன் பாட்டு ஒன்றையே 2000-ல், 56 வயதில், இறங்கிய குரலில் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், வேறு இரண்டு பெண்கள் பாடுவது போல இருக்கும். அவ்வளவு தூரம் போவானேன், ஆடி மாதம் எங்கள் தெருவில் குழாய் கட்டினால் முதலில் வருவது எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்தான். அவரே 2011-ல், எழுபதைத் தாண்டிய பிறகு, 'ஒஸ்தி' படத்துக்குப் பாடினார். தெருப் பையன்கள் அதை வைத்துதான் அந்த வருடம் முழுக்க ஆடினார்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். மைக் இல்லாமல், ஹார்மோனியம் மட்டும். முதல் அரை மணி நேரம் கீழேயே பாட வைப்பேன். அப்புறம் நேராகச் சரணம். நம் பாட்டுகளில் உச்சி பெரும்பாலும் சரணத்தில்தான் ஒளிந்திருக்கும். பல்லவியை வைத்து ஸ்கேல் பிடிப்பது, முதல் படியை மட்டும் பார்த்துவிட்டு ஏணி வாங்குகிற கதை. சரணத்தின் உச்சி வரியைப் பத்துத் தடவை பாடச் சொல்வேன். பத்தாவது தடவை காதைவிட முகத்தைத்தான் பார்க்க வேண்டும். புருவம் ஏறினாலோ தாடை மேலே போனாலோ ஸ்கேலை ஒரு கீ இறக்கு. இதையே வேறு இரண்டு நாள், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. கடைசியில் வரும் ஸ்கேலில் வெறும் கீபோர்டு டிராக் போட்டு அவர் ஃபோனுக்கு அனுப்பிவிடுவேன். ஒரு வாரம் சமையலறையில் பாடட்டும். அதுவரை டோலக்காரருக்கு ஃபோன் கிடையாது.

மானப் பிரச்சினைக்கும் ஒரு வழி உண்டு. ஸ்கேலின் பெயரையே சொல்லாதீர்கள். "இது எப்படி இருக்குதுக்கா?" என்று மட்டும் கேளுங்கள்.

பழைய ஹிட்டை அப்படியே மறுபடி பாடுவது

"என் பாட்டுதானே" என்பார்கள். பாடியது அவர், உரிமை யாரிடம் என்பது தனி விஷயம். ஒலிப்பதிவின் உரிமை ஒன்று, வரிக்கும் மெட்டுக்கும் உரிமை வேறு. ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை வெளியானதிலிருந்து 60 வருடம் இருக்கும், ஆகவே கேசட் காலத்துப் பாட்டு எதுவும் இன்னும் பொதுச்சொத்து ஆகவில்லை. பழைய மாஸ்டரிலிருந்து ஒரு நொடி கோரஸை வெட்டி ஒட்டினாலும் வம்புதான். புதிதாகப் பாடினாலும் கவிஞர், இசையமைப்பாளர் பக்கத்தில் கேட்டாக வேண்டும். அக்கா ஒரு ஸ்டாம்ப் பேப்பரைக் கொண்டு வந்தார். அதில் எத்தனை வருடத்துக்கு என்று எழுதவே இல்லை. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தை ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பத்திரம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். மெட்டுப் போடுவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். கேசட் அட்டையில் இருக்கும் பெயரைக் காட்டினால் யூடியூபில் யாரும் விடமாட்டார்கள்.

பளபள மைக்

விலை கூடிய கண்டென்சர் மைக் எல்லாவற்றையும் கேட்கும். பல் செட்டையும் கேட்கும். புதிதாகப் பல் கட்டியவருக்கு 'ச'வும் 'ஸ'வும் விசிலடிக்கும், அதை அடக்க டீ-எஸ்ஸர் போட்டால் வார்த்தையே மழுங்கும். நல்ல டைனமிக் மைக் ஒன்றை நெருக்கமாகப் பிடித்துப் பாடச் சொல்லுங்கள். மேடையில் வளர்ந்தவர்களுக்குக் கையில் மைக் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

ரீவெர்ப்

குரலுக்கு எதிரொலி சேர்ப்பது வயதை மறைக்காது. பாத்ரூமைத்தான் காட்டும்.

பத்துப் பாட்டு

கேசட்டுக்கு இரண்டு பக்கம் இருந்தது, நிரப்ப வேண்டியிருந்தது. இப்போது ஐந்து போதும். ஆறாவது பாட்டு எப்போதும் தயாரிப்பாளரின் மச்சானுக்காக.

நடுவில் ஒரு ராப்

பாடகர் கேட்டால் வையுங்கள்.

சத்தம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு வண்டி ஹாரன் எங்கள் ஆல்பம் ஒன்றில் இன்றைக்கும் இருக்கிறது, மூன்றாவது பாட்டில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் டிசம்பர் 31 ராத்திரி மட்டும் ரெக்கார்டிங் வைக்காதீர்கள். பன்னிரண்டு மணிக்குக் கப்பல்கள் ஹாரன் அடிக்க ஆரம்பிக்கும், எந்தக் கதவும் தாங்காது.

சம்பளம்

அன்றைக்கே.

தண்டையார்பேட்டைத் தம்பி நேற்று ஃபோன் செய்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு டோலக்காரரை வரச் சொல்லியிருக்கிறானாம். அண்ணன் சரணம் பாடிப் பார்த்துவிட்டாரா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லண்ணா. பல்லவி சூப்பரா வந்துச்சு."

ஃபோனை வைத்துவிட்டு டோலக்காரருக்கு நானே பேசினேன். ஞாயிறு வேண்டாம் என்று.