வெட்டிய அடியிலிருந்தே அடுத்த கிறிஸ்துமஸ் மரம்

அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் பக்கம் சொந்த நிலத்தில் கிறிஸ்துமஸுக்காக பால்சம் ஃபர் என்கிற ஊசியிலை மரம் வளர்த்து, டிசம்பரில் குடும்பமாகப் போய் வெட்டி வருகிற வழக்கம் உண்டு. ஆறேழு அடி உயரம் வர 7 முதல் 10 வருடம் பிடிக்கும். அவ்வளவு காலம் பார்த்துப் பார்த்து வளர்த்ததைத் தரையோடு தரையாக அறுத்துவிடாதீர்கள்.

அடியில் பச்சை இலையோடு இருக்கும் ஒரு சுற்றுக் கிளைகளை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே ரம்பத்தை வையுங்கள். வேர் உயிரோடு இருக்கும். அடிமரத்திலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். சில சமயம் விட்டுவைத்த கிளையே வளைந்து வானத்தைப் பார்த்து நிமிரும், பார்க்கவே அவ்வளவு அழகு! ஓரிரு வருடம் கழித்து, நேராக நிற்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நறுக்கிவிடுங்கள். வேர் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால் புது நாற்றைவிட சீக்கிரம் வளரும். ஃபர் வகைக்கு இது நன்றாக வரும். பைன் மரத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் தண்டின் அடியில் இரண்டு செ.மீ. புதிதாக அறுத்து, உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். ரொம்பத் தாமதித்தால் வெட்டுவாய் காய்ந்து நீர் சரியாக ஏறாது. முதல் நாள் நிறையக் குடிக்கும், தொட்டியை அடிக்கடி பாருங்கள். சர்க்கரை, ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். கையில் ஒட்டிய பிசினுக்குக் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் சரி.