குழந்தைகளோடு வெப்பமண்டலக் கடற்கரைக்கு: கடலிலிருந்து தொடங்குங்கள்

வெப்பமண்டல நாடொன்றின் கடற்கரையில் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்கத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் விமானச் சீட்டிலும் விடுதி அறையிலும்தான் தொடங்குகிறார்கள். நான் கடலிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்த மாதத்தில் அந்தக் கரையில் கடல் எப்படி இருக்கும், வெயில் எந்நேரம் உச்சத்தில் இருக்கும், உங்களோடு வரும் மிகச் சிறிய குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், மற்ற முடிவுகளை எடுப்பது எளிது.

நாட்டின் பெயரை மட்டும் வைத்துப் பருவத்தைத் தீர்மானிக்கக் கூடாது, ஏனென்றால் ஒரே நாட்டின் இரு கரைகளுக்கு இரு வேறு பருவங்கள் இருப்பதுண்டு. இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் தென்மேற்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும்போது, கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும். ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் நிலைமை மாறிவிடும். தாய்லாந்தில் அந்தமான் கடலை ஒட்டிய கரைக்கு மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்றால், வளைகுடாப் பக்கம் உள்ள சமூய் தீவுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் பெருமழை. கரீபியன் தீவுகளுக்குப் போகிறவர்கள் அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே தேதியைக் குறிக்க வேண்டும். அறைக் கட்டணம் திடீரென்று குறைந்திருந்தால், அதற்குப் பருவம்தான் காரணமா என்று முதலில் பாருங்கள்.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது, எதிரில் உள்ள கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கிறார்களா, எந்த நேரம்வரை இருப்பார்கள், கடல் படிப்படியாக ஆழமாகிறதா அல்லது நான்கு அடி வைத்ததுமே இறங்கிவிடுகிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே பவளப்பாறைத் திட்டு அரணாக நின்று அலையை உடைத்துவிடும் ஆழமற்ற காயல்கள் சிறு குழந்தைகளுக்கு ஏற்றவை. அறைக் கதவைத் திறந்தால் நீச்சல் குளம் என்பது படத்தில் அழகாக இருக்கும். நடக்கக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தையுள்ள குடும்பத்துக்கு, சுற்றிலும் வேலியும் பூட்டும் இல்லாத குளம் வேண்டவே வேண்டாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, பல நாடுகள் பாஸ்போர்ட்டு இன்னும் ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துச் சென்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்கும் நாடுகளும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமான நாடு என்றால், சான்றிதழ் ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே செல்லுபடியாகும் என்பதால், கடைசி வாரத்துக்கு அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நிலநடுக்கோட்டுக்கு அருகே நண்பகலில், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவை உலக சுகாதார நிறுவனம் மிகக் கடுமையானது என்று வகைப்படுத்துகிறது. ஆகவே காலையில் பத்து மணிவரையும் மாலையில் நான்குக்குப் பிறகும் கடல், இடைப்பட்ட நேரத்தில் உணவும் உறக்கமும் நிழலும் என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தூக்கமும் இதோடு இசைந்துவிடும். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்க்ரீனை வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து ஏறித் துவட்டிய பிறகும் மறுபடி பூச வேண்டும். காதின் மேல் விளிம்பு, பிடரி, பாதத்தின் மேற்புறம் ஆகிய மூன்று இடங்களும்தான் எப்போதும் விட்டுப்போகின்றன. முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் எந்தக் களிம்பையும்விட நம்பகமானவை என்பதே என் அனுபவம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நிழலிலேயே வைத்திருங்கள். ஹவாய் 2021 முதல், பவளங்களைப் பாதிப்பதாகக் கருதப்படும் ஆக்சிபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் கலந்த சன்ஸ்க்ரீன்களின் விற்பனையைத் தடைசெய்திருக்கிறது. வேறு சில இடங்களிலும் இத்தகைய தடைகள் இருப்பதால், துத்தநாக ஆக்சைடு அடிப்படையிலான களிம்பை எடுத்துச் செல்வது பவளங்களுக்கும் நல்லது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும் என்பதால், இரவில் வலை கட்டினால் போதும் என்று இருந்துவிட முடியாது. முதலில் சன்ஸ்க்ரீன், அது உலர்ந்த பின் கொசு விரட்டி என்பதே சரியான வரிசை. வயிற்றுப்போக்கின்போது நீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொட்டலங்களும் வெப்பமானியும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இனி கடல். கரையில் மோதிய நீர் திரும்பிச் செல்ல ஒரு வழியைத் தேடும். மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் குவிந்து, ஆறுபோலக் கடலுக்குள் ஓடும். இதைத்தான் ரிப் கரண்ட், அதாவது இழுவை நீரோட்டம் என்கிறார்கள். இதில் ஏமாற்றுவது அதன் தோற்றம். இருபுறமும் வெள்ளை நுரையோடு அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்த நிறத்தில், நுரைத் துணுக்குகள் மெல்லக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு மாலையில் அப்படிப்பட்ட இடத்தைச் சுட்டிக்காட்டி, "அங்கே அலையே இல்லை, அங்கேயே குளிக்கலாம்" என்று என் மகள் சொன்னபோது, எனக்கும் அதுதான் பாதுகாப்பான இடமாகத் தெரிந்தது. உயிர்காப்பாளரின் விசில்தான் எங்களை நிறுத்தியது. அன்றிலிருந்து, எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கரையில் உயரமான இடத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்து, அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடிக்கக் கூடாது. அதன் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. தேர்ந்த நீச்சல்காரரும் தோற்றுப்போவார். அது ஆளைக் கீழே இழுக்காது, தூரத்துக்குத்தான் கொண்டுபோகும். ஆகவே மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்திலிருந்து வெளியேறிய பிறகு அலைகளோடு சேர்ந்து சாய்வாகக் கரைக்குத் திரும்ப வேண்டும். காப்பாற்றப் போகும் பெற்றோர் மிதவை எதுவும் இல்லாமல் பாய்ந்தால், மீட்கப்பட வேண்டியவர்கள் இருவராகிவிடுவார்கள்.

சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி கண்காணிப்பில் உள்ளது. அங்கே மட்டும் இறங்குங்கள். தனிச் சிவப்பு பெரும் ஆபத்தையும், இரட்டைச் சிவப்பு கடல் மூடப்பட்டிருப்பதையும், ஊதா நச்சுள்ள கடலுயிர்கள் இருப்பதையும் குறிக்கும்.

நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதுமில்லை. வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, ஓசையின்றி அமிழும். ஐந்து பெரியவர்கள் கரையில் இருக்கும்போது, வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று ஐவருமே நினைத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு சிவப்புத் தொப்பி இருக்கிறது. அதை அணிந்தவர் கண்காணிப்பாளர். அவர் கைபேசியைத் தொடமாட்டார், பேச்சில் கலக்கமாட்டார், இருபது நிமிடம் கழித்து அடுத்தவரின் தலையில் தொப்பியை வைத்துவிட்டே எழுவார். காற்றடைத்த வளையங்களும் கைப்பட்டைகளும் விளையாட்டுப் பொருட்கள்தாம். படகில் ஏறினால் குழந்தையின் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட் வேண்டும்.

ஜெல்லி மீன், அதாவது சொறி மீன் பட்டால் மணலைத் தேய்க்கவோ நன்னீரால் கழுவவோ கூடாது. பெட்டி ஜெல்லி மீன்கள் உள்ள கடற்பகுதிகளில் குறைந்தது 30 வினாடி வினிகரை ஊற்றி, உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். பாறைப்பகுதியில் கடல் முள்ளெலியின் முட்களிலிருந்து பாதங்களைக் காக்கக் கெட்டியான அடிப்பாகமுள்ள நீர்க் காலணிகள் உதவும்.

குழந்தைகளுக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் பெற்றோரோடு விடுமுறையில் இருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, கடல்நீர் விசித்திரமாக நுரைப்பதைக் கண்டு, இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளிப் புவியியல் வகுப்பில் படித்த சுனாமிதான் அது என்று உணர்ந்து பெற்றோரிடம் வற்புறுத்தியதால், அந்தக் கரையே காலி செய்யப்பட்டது. நிலம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று வெகுதூரம் பின்வாங்கினாலோ, எச்சரிக்கை ஒலிக்காகக் காத்திராமல் மேட்டை நோக்கி நடக்க வேண்டும். விடுதிக்குப் போன முதல் மாலையே அந்த வழியைக் குழந்தைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள்; ஒரு சிறு உலா போலவே அது முடிந்துவிடும்.

கிளம்பும் நாளில் குழந்தைகளின் பைகளைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். கல்பவளங்களும் இராட்சதச் சிப்பிகளும் அழிவாபத்து உயிரினங்களுக்கான 'சைட்டீஸ்' உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வருபவை. சுங்கச் சோதனையில் அவை பிடிபட்டால், கடலோரத்தில் பொறுக்கியது என்ற விளக்கம் எடுபடாமல் போகலாம். துண்டுப் பவளம் கிடைத்தால், எடுத்த குழந்தையின் கையாலேயே அதைக் கடலில் போடச் சொல்லுங்கள்.